ஏ.சி.யில் கேஸ் தீர்ந்துபோச்சா? பணம் கொடுக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

வெயில் கொளுத்த ஆரம்பித்ததும் பல வீடுகளில் கேட்கும் புகார் இதுதான்: ஏ.சி. ஓடுது, ஆனா கூலிங் வரல. மெக்கானிக்கை அழைத்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கேஸ் தீர்ந்துபோச்சு சார், ஃபுல்லா போட்டுடலாம்". சில ஆயிரம் ரூபாய் செலவாகிறது. அடுத்த கோடையிலும் அதே புகார், அதே பதில், அதே செலவு.

உண்மையில் ஏ.சி. கேஸ் வருஷா வருஷம் தீருமா? விரிவாகப் பார்க்கலாம்.

கேஸ் ஏன் குறையுது?

ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய செப்புக் குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. இன்டோர் யூனிட்டில் அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அவுட்டோர் யூனிட்டுக்குப் போய் அந்த வெப்பத்தை வெளியே விட்டுவிட்டுத் திரும்புகிறது. குழாயில் ஓட்டை இல்லாத வரை அதே கேஸ் ஏ.சி.யின் ஆயுள் முழுவதும் போதும்.

ஆக, கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் போடுவது, பஞ்சரான டயருக்குக் காற்று அடிப்பது போலத்தான். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மறுபடியும் வெளியேறிவிடும்.

முதல்ல இதையெல்லாம் செக் பண்ணுங்க

கூலிங் குறைந்தால் கேஸ்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. செலவே இல்லாமல் நீங்களே பார்க்கக்கூடியவை இவை:

1. ரிமோட்: 'ஃபேன்' அல்லது 'டிரை' மோடில் இருந்தால் அறை சரியாகக் குளிராது. 'கூல்' மோடில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. ஃபில்டர்: தூசி அடைத்தால் காற்று போகாது, கூலிங்கும் வராது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஃபில்டரைக் கழற்றிச் சாதாரண தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

3. அவுட்டோர் யூனிட்: அதன்மேல் துணி காயப்போடுவது, பக்கத்தில் பழைய சாமான் அடுக்குவது கூடாது. வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் கம்ப்ரஸர் திணறும்.

4. ஐஸ் கட்டுவது: குழாயிலோ காயிலிலோ ஐஸ் பிடித்தால் 'கேஸ் குறைவு' என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். ஃபில்டர் அடைத்தாலும் ஐஸ் கட்டும். ஏ.சி.யை அணைத்து, ஐஸ் முழுவதும் உருகிய பிறகு, ஃபில்டரைக் கழுவி மறுபடி போட்டுப் பாருங்கள். மீண்டும் ஐஸ் கட்டினால் மெக்கானிக்கை அழைக்கலாம்.

5. கம்ப்ரஸர்: வெளியே ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரஸர் ஓடும் சத்தமே இல்லையா? சாதாரண ஏ.சி. என்றால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். இது விலை குறைந்த பாகம்தான். ஆனால் கரண்டை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் நீங்களே திறக்கக் கூடாது.

லீக் உறுதியானால் வேலை எப்படி நடக்கணும்?

கேஸ் வெளியேறும் இடத்தில் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து கசியும். எனவே குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறை இருந்தால் அங்கே சந்தேகப்படலாம். கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று அவுட்டோர் காயிலை அரிப்பதால் அங்கும் லீக் வரலாம்.

முறையான வேலை நான்கு கட்டமாக நடக்கும். முதலில் நைட்ரஜனை அழுத்தத்தில் செலுத்தி, சோப்பு நுரை வைத்து ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவதாக, அதை அடைத்துவிட்டு மறுபடி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, வேக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுவதுமாக எடுக்க வேண்டும். கடைசியாக, எடை மெஷினில் சிலிண்டரை வைத்து, அளந்து கேஸ் ஏற்ற வேண்டும். எவ்வளவு தேவை என்பது அவுட்டோர் யூனிட்டில் உள்ள நேம் பிளேட்டிலேயே கிராம் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும்.

பத்தே நிமிடத்தில் கேஸ் ஏற்றிவிட்டுக் கிளம்பினால், இதில் ஏதோ ஒரு கட்டம் விடுபட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

பணம் மட்டும் இல்ல, உயிரும் முக்கியம்

எல்லா ஏ.சி.க்கும் ஒரே கேஸ் கிடையாது. பழைய மெஷின்களில் ஆர்-22, பிறகு வந்தவற்றில் ஆர்-410ஏ, இப்போது பரவலாக ஆர்-32. சில மாடல்களில் ஆர்-290, அதாவது புரொப்பேன். நேம் பிளேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டுமே போட வேண்டும். கையில் இருக்கும் கேஸை மாற்றி ஏற்றினால் கம்ப்ரஸர் பழுதாகும்.

ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. ஆர்-290 எளிதில் தீப்பற்றும். இவற்றில் வேலை நடக்கும்போது ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்போ ஊதுபத்தியோ வேண்டாம். குழாயில் கேஸ் மிச்சம் இருக்கும்போது வெல்டிங் செய்யவே கூடாது.

லீக் பார்க்க நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்தால் உடனே தடுத்துவிடுங்கள். அழுத்தத்தில் ஆக்சிஜன், உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

ரிப்பேரா, புதுசா?

ஏ.சி. ஆர்-22 வகையைச் சேர்ந்ததா? ஓசோன் படலத்தைப் பாதிப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அந்த கேஸின் பயன்பாடு படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. காயில் அரித்து, கம்ப்ரஸரும் போயிருந்தால் அதில் பணம் போடுவது லாபமில்லை.

புதிது வாங்கும்போது ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். ஸ்டார் அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. 2022 ஜூலையிலும் அப்படி மாற்றப்பட்டது. அதனால் பழைய 5 ஸ்டாரும் இன்றைய 5 ஸ்டாரும் ஒன்றல்ல. லேபிளில் உள்ள 'ஐசீர்' எண்ணைப் பாருங்கள். அந்த எண் 3 உள்ள ஏ.சி. 100 யூனிட் செலவழிக்கும் இடத்தில், 5 உள்ளது சுமார் 60 யூனிட்டில் அதே குளிர்ச்சியைத் தரும். லேபிளில் போட்டிருக்கும் வருடாந்திர யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. உங்கள் வீட்டில் அதைவிட அதிகமாக ஓடினால் செலவும் கூடும்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து, யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறுவதால், இந்த வித்தியாசம் பில்லில் நன்றாகவே தெரியும். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 முதல் புதிய ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுவதும் இதற்காகத்தான்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

* லீக் எங்கே இருக்கு? எனக்குக் காட்டுங்க.
* நைட்ரஜன், வேக்குவம் பம்ப், எடை மெஷின் கொண்டுவந்திருக்கீங்களா?
* நேம் பிளேட்டில் இருக்கிற அதே கேஸ்தானா? எத்தனை கிராம்?
* வேலைக்கும் கேஸுக்கும் எத்தனை மாத வாரன்டி? பில்லில் எழுதித் தர முடியுமா?

நன்றாக வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். லீக் எங்கே என்பதற்குப் பதில் வராவிட்டால், கேஸ் போடச் சொல்லாதீர்கள். வேறொருவரை அழைத்துக் காட்டுங்கள்.