சாமானியன் குடியிருந்த நகரில் கேலிச்சித்திரத்துக்கு இடம் எங்கே?

மே 5ஆம் தேதியை உலகக் கேலிச்சித்திரக் கலைஞர்கள் தினமாக மகாராஷ்டிர ஓவியர்கள் கொண்டாடி வருகின்றனர். 1895ஆம் ஆண்டு அதே நாளில்தான் ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளேட்டில் ‘மஞ்சள் சிறுவன்’ என்ற சித்திரப் பாத்திரம் வண்ணத்தில் அச்சேறியது. கண்காட்சியும் பாராட்டுக் கூட்டமுமாகக் கழிய வேண்டிய அந்த நாள், 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் புனே நகரில் பூட்டிய கதவுகளுக்கு உள்ளேயே கழிந்தது. முதலாண்டில் அது நாடு தழுவிய ஊரடங்கின் மூன்றாம் கட்டம். மறு ஆண்டில் இரண்டாம் அலையை ஒட்டி மாநில அரசு விதித்த கடும் கட்டுப்பாடுகளின் காலம்.

ஒரு விழா நின்றுபோனது பெரிய இழப்பல்ல. ஆனால் நாளேடு, கண்காட்சிக் கூடம், தீபாவளி மலர் என்று புனேயின் கேலிச்சித்திரக் கலை ஊன்றி நின்ற மூன்று தூண்களும் அந்தக் கோடையில் ஒருசேர ஆட்டம் கண்டன. அந்த ஆட்டம் இன்றும் ஓயவில்லை என்பதுதான் கவலைக்குரியது.

கோடுகளின் ஊர்

இந்தியக் கேலிச்சித்திர வரலாற்றில் புனேவுக்குத் தனி இடம் உண்டு. மைசூரில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1921 அக்டோபர் 24 அன்று பிறந்த ஆர்.கே. லட்சுமண், தமது இறுதி ஆண்டுகளை இந்நகரில்தான் கழித்தார். கட்டம் போட்ட மேலங்கியும் மூக்குக் கண்ணாடியுமாக, 1951 முதல் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ நாளேட்டில் வாய் திறவாமல் நாட்டு நடப்பைக் கவனித்து வந்த அவரது ‘சாமானியன்’ இந்நாட்டு வாக்காளரின் மறுபெயராகவே ஆனான். 2015 ஜனவரி 26 அன்று புனேயில் லட்சுமண் மறைந்தபோது, சிம்பயோசிஸ் வளாகத்தில் உள்ள சாமானியன் சிலையின் அருகில்தான் அவரது உடல் பொதுமக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது.

1925ஆம் ஆண்டு பிறந்த சி.த. பட்னிஸ், ஒரு சொல்கூட இல்லாத நகைச்சுவைச் சித்திரங்களால் புகழ் பெற்றவர். மராத்தி இதழ்களான ‘ஹன்ஸ்’, ‘மோகினி’ ஆகியவற்றுக்கு அவர் வரைந்த அட்டைப்படங்களைப் பார்த்துச் சிரித்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. பள்ளிக் கணிதப் பாடநூல்களுக்கும் அவர் படம் வரைந்து, கணக்கைக் கண்டு அஞ்சிய குழந்தைகளின் முகத்தில் சிரிப்பை வரவழைத்தார். நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கரின் தம்பி மங்கேஷ் டெண்டுல்கரோ தமது கலையைத் தெருவுக்கே கொண்டு வந்தார். போக்குவரத்து விதிகளை வலியுறுத்தும் கேலிச்சித்திர வாழ்த்து அட்டைகளைத் தாமே வரைந்து, கர்வே சாலையின் நள் ஸ்டாப் சந்திப்பில் வாகன ஓட்டிகளுக்கு வழங்கினார். 2017 ஜூலையில் அவர் காலமானார்.

சாருஹாஸ் பண்டிட், பிரபாகர் வாடேகர் இருவரும் படைத்த ‘சிண்ட்டூ’ என்ற சிறுவனும் இந்த ஊரில் பிறந்தவனே. 1991 நவம்பரில் ‘சகாள்’ நாளேட்டில் தொடங்கிய இந்தத் தொடர்சித்திரம் பின்னர் திரைப்படமாகவும் வெளிவந்தது. காலையில் தேநீரோடு சிண்ட்டூவைத் தேடுவது பல புனே குடும்பங்களின் வழக்கமாக இருந்தது.

வீடு வந்து சேராத நாளேடு

இந்தக் காலை வழக்கத்தைத்தான் கொரோனா முதலில் முறித்தது. மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 9 அன்று புனேயில்தான் உறுதி செய்யப்பட்டது. காகிதத்தின் மூலம் கிருமி பரவும் என்ற வதந்தி வேகமாகப் பரவிய நிலையில், ஏப்ரல் 18 அன்று மாநில அரசு நாளேடுகளை வீடு வீடாக விநியோகிக்கத் தடை விதித்தது. அச்சிடலாம், கடையில் விற்கலாம், வீட்டு வாசலில் போடக் கூடாது என்பதே அந்த விசித்திர உத்தரவின் சாரம். எதிர்ப்பு கிளம்பியதும், உயர்நீதிமன்றம் கேள்வி எழுப்பியதும் சேர்ந்து மூன்று நாளில் உத்தரவு திருத்தப்பட்டது. ஆயினும் மும்பைப் பெருநகரப் பகுதிக்கும் புனே நகருக்கும் அப்போதும் விலக்கு கிடைக்கவில்லை.

இதே காலத்தில் நாளேடுகள் அச்சிடுவதற்கே தடை கோரி சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது நினைவுகூரத்தக்கது. வெறும் அச்சத்தை அடிப்படையாகக் கொண்டு செய்தித்தாளை நிறுத்த முடியாது என்பதைத் தமிழகம் நீதிமன்றத்தின் வழியாக நிலைநாட்டிக் கொண்டது. புனே வாசகருக்கு அந்த நல்வாய்ப்பு உடனே வாய்க்கவில்லை.

விளைவு வருமானத்தில் தெரிந்தது. இரண்டே மாதங்களில் நாளேட்டுத் துறைக்கு 4,000 கோடி ரூபாய் முதல் 4,500 கோடி ரூபாய் வரை இழப்பு ஏற்பட்டதாக இந்திய நாளேடுகள் சங்கம் 2020 மே மாதம் மத்திய அரசிடம் முறையிட்டது. அதே மே மாதத்தில் புனேயின் ஆங்கில நாளேடான ‘சகாள் டைம்ஸ்’ அச்சுப் பதிப்பை நிறுத்தியது. டிசம்பரில் ‘புனே மிரர்’ நிறுத்தப்படுவதாக டைம்ஸ் குழுமம் அறிவித்தது. அந்தப் பெயர் பிறகு வேறு உரிமையாளரிடம் மறுபிறவி எடுத்தது.

ஒரு நாளேடு மூடப்படும்போது செய்தியாளர்கள் வேலை இழப்பது வெளியே தெரியும். அந்தப் பக்கங்களின் மூலையில் இருந்த கேலிச்சித்திரக் கட்டமும் கூடவே மறைவது பலர் கண்ணில் படுவதில்லை. பக்கங்களைக் குறைக்கும் ஆசிரியர் முதலில் எடுப்பது செய்தியை அல்ல, சித்திரத்தைத்தான். 1909இல் ‘மனோரஞ்சன்’ இதழ் தொடங்கி வைத்த மராத்தி தீபாவளி மலர் மரபும் விளம்பரத்தை நம்பியே நிற்பது. கடைவீதி அடைபட்டால் விளம்பரம் குறையும். விளம்பரம் குறைந்தால் மலர் மெலியும். மலர் மெலிந்தால் ஓவியரின் ஆண்டு வருமானத்தில் கணிசமான பங்கு போய்விடும்.

ஒரே மருந்து, மூன்று விலை

கேலிச்சித்திரத்துக்கு இடம் சுருங்கிய அதே நாள்களில்தான் கேலிக்கான பொருள் குவிந்து கிடந்தது. 2021 ஜனவரி 12 அன்று கோவிஷீல்டு தடுப்பூசிப் பெட்டிகளை ஏற்றிய வண்டிகள் புனேயின் சீரம் நிறுவனத்திலிருந்து நாடெங்கும் புறப்பட்டன. நான்கு மாதம் கழிவதற்குள் அந்த நகரம் அமைந்த மாநிலமே தட்டுப்பாட்டின் காரணமாக 18 முதல் 44 வயது வரையிலானோருக்குத் தடுப்பூசி போடுவதைத் தற்காலிகமாக நிறுத்தியது.

விலையோ இன்னும் வேடிக்கையானது. மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநில அரசுகளுக்கு 400 ரூபாய், தனியார் மருத்துவமனைகளுக்கு 600 ரூபாய் என்று ஒரே தடுப்பூசியின் ஒரு தவணைக்கு மூன்று விலை 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. கண்டனம் எழுந்ததும் மாநிலங்களுக்கான விலை 300 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. கொள்முதலை மத்திய அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு ஜூன் 7 அன்றுதான் வந்தது. வரிசையில் நிற்கும் சாமானியனுக்கு இந்தக் கணக்கை விளக்கப் பக்கம் பக்கமாகக் கட்டுரை தேவைப்படும். கேலிச்சித்திரக் கலைஞருக்கு உள்ளங்கை அகலக் கட்டம் போதும். அந்தக் கட்டம் இல்லாமற்போவதன் நட்டம் வாசகருக்குத்தான்.

1897இன் நிழல்

கொள்ளைநோயும் பத்திரிகை மீதான கெடுபிடியும் புனேவுக்குப் புதியவை அல்ல. 1897இல் பிளேக் பரவியபோது, பிப்ரவரி 4 அன்று கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. பிளேக் ஒழிப்பு என்ற பெயரில் அதிகாரி ராண்டின் ஆணைப்படி சிப்பாய்கள் வீடு புகுந்து நடத்திய சோதனைகள் மக்களைக் கொதிப்படையச் செய்தன. ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். அடுத்த மாதமே, ‘கேசரி’யில் வெளியான எழுத்துகளுக்காகத் திலகர் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதாகி, பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார்.

அந்தத் திலகரைத் தலைவராக ஏற்ற பாரதிதான் தமிழில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழி திறந்தவர் என்பது தற்செயலானதன்று. 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழின் முகப்பில் அவர் வெளியிடச் செய்த கருத்துப்படங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுத்து 1994இல் நூலாக்கினார். அந்த இதழும் 1908இல் அடக்குமுறைக்கு ஆளாகிப் புதுச்சேரிக்கு இடம்பெயர நேர்ந்தது. வெள்ளையர் ஆட்சி போன பிறகும் கொள்ளைநோய்ச் சட்டம் போகவில்லை. 2020 மார்ச்சில் மகாராஷ்டிரம் கையில் எடுத்ததும் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான்.

கைபேசிக்கு வந்த மின்னஞ்சல்

அச்சில் இடமிழந்த கலைஞர்கள் கைபேசித் திரைக்கு நகர்ந்தனர். முகக்கவசமும் வெறிச்சோடிய தெருவும் தட்டொலியும் புலம்பெயர் தொழிலாளர்களின் நெடுநடையும் நாடெங்கும் சித்திரங்களாகப் பகிரப்பட்டன. வாசகர் எண்ணிக்கை பெருகியது, ஊதியம் பெருகவில்லை. ஆசிரியர் என்ற தணிக்கையாளர் போய், முகம் தெரியாத தணிக்கையாளர் வந்து சேர்ந்தார்.

2021 ஜூன் 4 அன்று கேலிச்சித்திரக் கலைஞர் மஞ்சுல், ட்விட்டர் நிறுவனம் தமக்கு அனுப்பிய மின்னஞ்சலை வெளியிட்டார். அவரது கணக்கில் உள்ளவை இந்தியச் சட்டத்தை மீறுவதாக அரசுத் தரப்பிலிருந்து கோரிக்கை வந்திருப்பதாக அதில் கூறப்பட்டிருந்தது. எந்தச் சித்திரம் என்று குறிப்பிடப்படவில்லை. அடுத்த சில நாள்களில், அவர் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றி வந்த ஊடகக் குழுமம் அவரை நிறுத்தி வைத்தது.

இந்தூரைச் சேர்ந்த ஹேமந்த் மாளவியா 2021 ஜனவரியில் வரைந்த தடுப்பூசி குறித்த சித்திரம் ஒன்றை 2025 மே மாதம் வேறொருவர் பகிர்ந்ததை அடுத்து வழக்கு பதிவாயிற்று. மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் முன்ஜாமீன் மறுக்க, ஜூலை 15 அன்று உச்சநீதிமன்றம் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. நாளேட்டில் வந்த சித்திரம் மறுநாள் பழைய காகிதமாகிவிடும். இணையத்தில் வந்த சித்திரமோ நான்கு ஆண்டு கழித்தும் கைது அச்சத்தைக் கொண்டுவரும் என்பது இதனால் தெளிவாகிறது.

மேசையை உடைத்தவர்கள்

அரசு மட்டுமே அச்சுறுத்தல் என்று சொல்லிவிடவும் முடியாது. அதற்கும் புனேயில் சான்று உண்டு. 1949இல் சங்கர் வரைந்த, அண்ணல் அம்பேத்கரும் நேருவும் இடம்பெற்ற கேலிச்சித்திரம் ஒன்று தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் சேர்க்கப்பட்டிருந்தது. 2012 மே 11 அன்று தொல். திருமாவளவன் உள்ளிட்ட உறுப்பினர்கள் இதனை மக்களவையில் எழுப்பினர். அன்றே நூலின் ஆலோசகர்களான சுகாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் பதவி விலகினர். மறுநாள் புனே பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அறை அடித்து நொறுக்கப்பட்டது.

மன வருத்தத்துக்குக் காரணம் இருந்தது. அறையை உடைத்ததற்கு நியாயம் இருக்கவில்லை. பாடநூல்களை ஆராய அமைக்கப்பட்ட தோரட் குழு பல சித்திரங்களை நீக்கப் பரிந்துரைத்தபோது, அக்குழுவில் இருந்த அறிஞர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் மட்டும் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். அதே கோடையில், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் குறித்து லட்சுமண் வரைந்த சித்திரம் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருப்பதற்குக் கலைஞர் கருணாநிதி உள்ளிட்ட தமிழகத் தலைவர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். சாமானியனின் தோழரான லட்சுமணும் ஒரு மக்கள் போராட்டத்தைப் புரிந்துகொள்ளத் தவறலாம். அதற்கு விடை மறுப்பும் விமர்சனமும்தான்.

தமிழகத்தின் கணக்கும் நீளமானதே. 1987இல் அட்டைப்பட நகைச்சுவைக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் நெல்லைத் தீக்குளிப்புச் சம்பவம் குறித்து வரைந்த பாலா கைதானார். 2025 பிப்ரவரியில் பிரதமர் குறித்த சித்திரத்துக்காக ‘விகடன்’ இணையதளமே முடக்கப்பட்டது. சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கிய பின் தடையை விலக்கும்படி சென்னை உயர்நீதிமன்றம் மார்ச் 6 அன்று உத்தரவிட்டது. ஆட்சியில் இருந்த கட்சிகள் வேறு வேறு. கோட்டைக் கண்ட கோபம் ஒன்றே.

அருங்காட்சியகம் போதுமா?

2022 மார்ச் 6 அன்று புனே பாலேவாடியில் ஆர்.கே. லட்சுமண் ஓவிய அருங்காட்சியகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். அண்ணன் ஆர்.கே. நாராயணன் படைத்த மால்குடி சிற்றூரின் மாதிரியும் அங்கே அமைக்கப்பட்டுள்ளது. ஆண்ட கட்சி எதுவாயினும் கிண்டல் செய்த கலைஞருக்கு ஆட்சியாளரே மரியாதை செய்தது வரவேற்கத்தக்கது.

ஆனால் மறைந்த கலைஞருக்கு மண்டபம் கட்டுவதைவிட, வரைந்துகொண்டிருப்பவருக்குக் கட்டம் ஒதுக்குவதே கடினமான காரியம். கொரோனா கோடையில் பக்கம் குறைத்த நாளேடுகள், விளம்பரம் மீண்ட பிறகு சித்திரக் கட்டத்தையும் மீட்டுத் தந்தனவா என்று வாசகர்கள் கேட்க வேண்டும். இணையத்தில் பகிர்ந்து சிரிக்கும் நாம், வரைந்தவர் பெயரை வெட்டி எறியாமலாவது பகிர வேண்டும். ஒரு சித்திரத்தை நீக்கச் சொல்லும் அதிகாரி, எந்தச் சித்திரம், எந்தச் சட்டப்பிரிவு என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டவராக வேண்டும்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக லட்சுமணின் சாமானியன் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் பேசாமல் நின்றாலும் நாடு புரிந்துகொண்டது. காரணம், அவன் நிற்பதற்கு அன்றாடம் நாளேட்டில் ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தைக் காப்பது கலைஞர்களின் கவலை மட்டுமன்று, கேள்வி கேட்க விரும்பும் ஒவ்வொரு குடிமகனின் பொறுப்பும் ஆகும்.