கலைப்பாளர் இல்லாத திவால்

1930களின் உலகப் பொருளாதார மந்தம் என்றால் அமெரிக்க வங்கிகளின் வாசலில் முண்டியடித்த கூட்டம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1930 முதல் 1933 வரை அங்கே ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூடப்பட்டன. இலங்கையின் புத்தளம், சிலாபம் கரையோரத் தென்னந்தோட்டக்காரருக்கோ கடன் கொடுக்கும் உள்ளூர் வங்கியே இருக்கவில்லை. ஆகவே இந்தக் கரை தப்பியது என்று எண்ணிவிடலாகாது. வங்கி ஒன்று முறிந்தால் நீதிமன்றம் கலைப்பாளர் ஒருவரை நியமிக்கும். அவர் கணக்குப் புத்தகங்களைப் பொறுப்பேற்று, வரவேண்டியதை வசூலித்து, கிடைத்ததைப் பணம் போட்டவர்களுக்கு விகிதப்படி பங்கிடுவார். நட்டத்தை அவரால் ஒழிக்க முடியாது, ஒழுங்காகப் பிரிக்க முடியும். இந்தக் கரையிலும் கடன் முறிந்தது. பிரித்துக் கொடுக்கத்தான் ஆளில்லை. அதனால் அடி நேராகக் காணியில் விழுந்தது.

கொழும்பில் இருந்த வெளிநாட்டு வங்கிகள் ஏற்றுமதி வணிகத்துக்கும் பெருந்தோட்டங்களுக்கும் பணம் கொடுத்தன. மாரவிலவிலோ மாதம்பையிலோ சில ஏக்கர் தென்னை வைத்திருந்தவரை அவை வாசற்படி ஏற்றவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். சொந்த முதல், உறவினர் வைத்த பணம், இவற்றோடு அந்த வங்கிகளிடமே வாங்கிய கடன் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தோட்டக்காரருக்குக் கொடுத்தார்கள். நொத்தாரிசு எழுதிய ஈட்டு உறுதியோ கையெழுத்திட்ட கடன் சீட்டோ அதற்குப் பிணை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தேங்காய் பறித்து, கொப்பராவாக்கி விற்ற காசில் வட்டி கட்டப்படும். இந்த ஏற்பாட்டின் பலவீனம் தவணையில் இருந்தது. தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். செட்டியாருக்கு வங்கி கொடுத்ததோ எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கக்கூடிய குறுகிய காலக் கடன். நீண்டகாலப் பயிர் குறுகியகாலப் பணத்தில் நின்றது.

முதல் விரிசல் மந்தத்துக்கு முன்பே விழுந்தது. 1925இல் பெரிய செட்டியார் நிறுவனம் ஒன்று நொடித்ததும் வங்கிகள் மிரண்டு, செட்டியார்களுக்கான கடனை இறுக்கின. 1929க்குப் பிறகு தேங்காய், கொப்பரா விலைகளும் சரிந்தன. வங்கி செட்டியாரை நெருக்க, செட்டியார் தோட்டக்காரரை நெருக்கினார். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் காணிக்கு என்ன விலை கிடைக்கும்? முந்தி வழக்குப் போட்டவர் முந்தி ஏலம் போட்டார். ஏலம் பெருகப் பெருகக் காணி விலை இறங்கியது. இறங்கிய விலையில் கடன் தீராததால் இன்னும் பல தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன. கலைப்பாளர் தடுக்கும் கேடு இதுதான். ஆளுக்கொருவராக இழுக்கும் கடன் கொடுத்தோரை அவர் ஒரே வரிசையில் நிறுத்துகிறார், சொத்தைப் பொறுத்திருந்து விற்கிறார்.

செட்டியார்களின் கடும் வட்டிதான் காணிகளை விழுங்கியது என்று அன்று பலர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். வட்டி கூடுதல் என்பது உண்மை. வங்கியிடம் வட்டிக்கு வாங்கியவர் அதற்கு மேல்தான் கொடுப்பார். ஆனால் காணி பிடிப்பதே நோக்கம் என்ற வாதத்துக்கு, செட்டியார்கள் இதே தொழில் செய்த பர்மா பதில் சொல்கிறது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலமே செட்டியார்கள் கையில் இருந்தது. 1937இல் அது 25 சதவீதமானது. காணி பிடிக்க வந்தவர்கள் என்றால், பல பத்தாண்டுகள் காத்திருந்து விலை விழுந்த அந்த ஏழே ஆண்டுகளிலா பிடிப்பார்கள்? சுழலவேண்டிய முதல் வயலிலும் தோட்டத்திலும் உறைந்துபோனது வட்டித்தொழிலுக்கு நட்டம். கடன் வாங்கியவருக்குக் காணி போனது, கொடுத்தவருக்குப் பணம் முடங்கியது.

இன்னொரு மறுப்பு வலுவானது: உள்ளூர் வங்கி இருந்திருந்தால் அதுவும் விழுந்திருக்கும் அல்லவா? விழுந்திருக்கலாம். 1937இல் இரண்டு வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மறு ஆண்டு ஜூனிலேயே பணம் கொடுப்பதை நிறுத்தியது. திருவிதாங்கூர் சமஸ்தானத் திவான் சி. பி. ராமசாமி ஐயரின் அரசோடு ஏற்பட்ட பகையும் அதில் கலந்திருந்ததாக நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. பணம் போட்டவர்கள் பட்ட துன்பம் சிறிதல்ல. ஆனாலும் அந்த முறிவு நீதிமன்றத்துக்கு வந்தது, கணக்குகள் ஆராயப்பட்டன, கலைப்பாளர்கள் சொத்தைத் திரட்டினார்கள். வங்கிகளைக் கண்காணிக்கத் தனிச்சட்டம் வேண்டும் என்ற குரலும் இந்தியாவில் வலுத்தது. 1949இல் அந்தச் சட்டம் வந்தது. சிலாபத்தில் நடந்த ஏலங்களோ தனித்தனி வழக்குகளாகச் சிதறிக் கிடந்தன. மொத்த நட்டத்தைக் கூட்டிப் பார்க்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை.

திவால் சட்டம் இலங்கையில் 1853இலிருந்தே இருந்ததே என்று கேட்கலாம். ஈடு பிடித்தவருக்கு அந்த வரிசையில் நிற்கவேண்டிய அவசியமில்லை. தன் ஈட்டை விற்று எடுத்துக்கொண்டு போகலாம். காணிதான் முக்கிய சொத்தாக இருந்த கரையில் இந்த விலக்கு சட்டத்தையே வெறுமையாக்கியது. 1931இல் வந்த அரச ஈட்டு வங்கி நீண்டகாலக் கடன் கொடுக்கவே அமைக்கப்பட்டது. ஆனால் பரம்பரையில் பங்கு பிரியாமல் கிடந்த தோட்டங்களுக்குத் தெளிவான உறுதி காட்டுவது எளிதல்ல. 1934இல் சர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு அரச உதவியோடு ஒரு வங்கி வேண்டும் என்றது. இலங்கை வங்கி 1939 ஆகஸ்ட் 1ஆம் திகதி திறந்தது. கடன்பட்டவரையும் கொடுத்தவரையும் ஒரே மேசையில் இருத்தும் கடன் இணக்கச் சட்டம் 1941இல்தான் வந்தது. லுணுவிலையில் நிலைகொண்ட தென்னை ஆராய்ச்சித் திட்டமோ 1929இலேயே தொடங்கிவிட்டது. மரத்தின் நோய்க்குக் கிடைத்த கவனம் கடனின் நோய்க்குக் கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

பணம் போட்டவருக்கு இன்று ஓரளவு காப்பு உண்டு. 2002இல் பிரமுக வங்கி மூடப்பட்டபோது இல்லாத வைப்புக் காப்புறுதி 2010இல் வந்தது. கடன் வாங்கியவர் நிலைதான் மாறவில்லை. நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம்விட வங்கிகளுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. பராட்டே என்று அழைக்கப்படும் அந்த அதிகாரம், 2022 நெருக்கடியில் நொந்த தொழில்களுக்காக 2024இல் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஏலத்தை நிறுத்தினால் அவகாசம் கிடைக்கும், கடன் குறையாது. விலை வீழ்ச்சியாலும் நாடளாவிய நெருக்கடியாலும் வரும் நட்டத்தில் கடன் கொடுத்தவர் எவ்வளவு, வாங்கியவர் எவ்வளவு, அரசு எவ்வளவு ஏற்பது என்பதை முன்கூட்டியே சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். எழுதிவைக்காதவரை அந்தக் கணக்கை ஏலக்காரரே முடிப்பார்.