சிவப்பு எண்ணும் சீட்டு எண்ணும்

ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கம் உப்பு ஏற்றும் லாரிக்கு எடை மேடைதான் கணக்குப்பிள்ளை. லோடு எடையில் காலி எடையைக் கழித்து வரும் எண்ணுக்குத்தான் பணம். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்ததும் நம் கவனம் முடிந்துவிடுகிறது. கொஞ்சம் எடை மேடை அறைக்குள் எட்டிப் பாருங்கள்.

மேடைக்கு அடியில் லோடு செல்கள் இருக்கின்றன. அவை தரும் மெல்லிய மின்சைகையை இண்டிகேட்டர் கிலோவாக மாற்றி, பெரும்பாலும் சிவப்பு எண்களில் காட்டுகிறது. அங்கிருந்து ஒன்பது ஊசி கொண்ட ஆர்எஸ்-232 ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. சீட்டு அடிப்பது கம்ப்யூட்டர். அரசு முத்திரை இருப்பதோ எடைக் கருவியில். நடுவில் கிடக்கும் ஒயரை யாரும் கவனிப்பதில்லை.

இந்த ஒயரில் எடை ஒவ்வோர் இலக்கமாக, பிட் பிட்டாக, அதாவது 0, 1 சைகைகளாகப் போகும். நொடிக்கு 9600 பிட் என்று ஒரு முனையில் வைத்தால் மறுமுனையிலும் அதே வேகம் வேண்டும். பொருந்தாவிட்டால் திரையில் கண்டபடி குறிகள் விழும். உடனே தெரிந்துவிடும் என்பதால் அதில் பெரிய ஆபத்தில்லை. சரியான எண் போலவே வந்து நிற்கும் தவறுதான் காசைத் தின்னும். உப்புக் காற்றில் ஊசிகள் களிம்பேறி, பக்கத்தில் மோட்டாரும் ஓடினால் பிட் புரளலாம். 21,340 கிலோவில் உள்ள 1, ஒரு பிட் புரண்டால் 5 ஆகிவிடலாம். பாரிட்டி என்ற சரிபார்ப்பு இருந்தால் அது மாட்டிக்கொள்ளும். இரண்டு பிட் புரண்டு 7 ஆனால் பாரிட்டியும் ஏமாந்துபோகும்: சீட்டில் 27,340. ஆறு டன் எங்கிருந்தோ முளைத்துவிட்டது!

வண்டி ஆடி அடங்குமுன் பதிவான எண், ஒயர் கழன்ற பிறகும் திரையில் நிற்கும் பழைய எண் என்று வேறு வழிகளிலும் தவறு நுழையும். வேண்டுமென்றே செய்வதும் கடினமில்லை. அனுப்புவது யார் என்று இந்த ஒயர் கேட்பதே இல்லை. இண்டிகேட்டரின் இடத்தில் வேறொரு கருவி எண் அனுப்பினாலும் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். ஆலைகளில் இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் முறை 1979இல் வந்தது. அதற்கும் ஆரம்பத்திலிருந்தே கடவுச்சொல் கிடையாது.

எடை குறைவாக விழுந்தால் லாபம் என்று ஓட்டுநர் நினைக்க வேண்டாம். வழியில் மறு எடை போட்டு அதிக பாரம் என்று தெரிந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் அபராதம்.

சீட்டு வாங்கும்போது இண்டிகேட்டரின் சிவப்பு எண்ணையும் சீட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் வண்டியை இறக்காதீர்கள். மேடையில் நிற்கும்போதே இரண்டும் தெரியும்படி செல்போனில் படமெடுத்து, மறு எடை கேளுங்கள். காலி மேடையில் பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பார்க்கலாம். சட்டமுறை எடையளவு விதிகளின்படி இத்தகைய எடைக் கருவிக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும். சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். தேதியைப் படிக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. விற்கும்போது குறைப்பது மட்டுமல்ல, வாங்கும்போது கூடுதலாக எடுப்பதும் 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம்தான்.

மேடை நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். ஆர்எஸ்-232 ஒயரைப் பதினைந்து மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். தூரம் கூடினால் ஆர்எஸ்-485க்கு மாறுங்கள். தரவு நின்றால் திரை வெறுமையாகும்படியும், எடை நிலைத்த பின்பே பதிவாகும்படியும் மென்பொருளை அமைக்கச் சொல்லுங்கள். பழியிலிருந்து உங்களைக் காப்பதும் அதுதான்.

தமிழ்நாட்டில் எடையளவுப் புகாரைத் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு விசாரிக்கிறது. ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கத்துக்காரர்கள் தூத்துக்குடியில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வணிகத்துக்கென வாங்கியவருக்கு அங்கே இடமில்லை என்றாலும், சொந்த வண்டி ஓட்டிப் பிழைப்பவர் போல வயிற்றுப்பாட்டுக்கான சுயதொழிலுக்கு விலக்கு உண்டு. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.