பகிரும் விரலுக்கும் பொறுப்புண்டு

உலை வாயை மூடலாம். ஊர் வாயை மூட இயலுமோ என்பர் நம் முன்னோர். அந்த ஊர் வாய் இன்று நம் கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலை நாடி உறவினருடன் காரில் வந்த மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு அன்போடு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் நடமாடுகின்றனர் என்னும் வதந்தி அதற்கு முன்பே வாட்ஸ்அப் வழியாகப் பரவியிருந்தது. திரண்ட கூட்டம் அவரை அடித்தே கொன்றது.

அவ்வாண்டு நாட்டின் வேறு பல பகுதிகளிலும் இவ்வாறு உயிர்கள் பலியாயின. அப்போது பரவிய காணொலிகளுள் ஒன்று, பாகிஸ்தானில் குழந்தைகளின் பாதுகாப்புக்கென எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடத்துவதுபோல் நடித்தவர்கள் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டி நீக்கியிருந்தனர்.

ஒரு செய்தியை ஒரே வேளையில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பிடுவதாக, அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் அறிவித்தது. ஆயினும், ஐவருக்கு மட்டும் அனுப்பினாலும் பொய் பொய்யே அன்றோ?

அவற்றை அனுப்பியவர் அனைவரும் தீயோர் அல்லர்; தம் பிள்ளைகளுக்காக அஞ்சிய பெற்றோரும் அவர்களுள் இருந்திருப்பர். அச்சம் இயல்பே. ஆனால், ‘வந்தது, அனுப்பினேன்’ என்று நாம் கைகழுவிவிடலாகாது.

இது எங்கே நிகழ்ந்தது? எப்போது? நேரில் கண்டவர் யார்? இம்மூன்றையும் நம் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்டுப் பழகுவோம். விடை இல்லையெனில், அச்செய்தி நம் கையோடு நின்றுவிடட்டும்.