நிலத்தின் விலை வருமானம் ஆகுமா?

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுள் பலருக்குச் சொந்த ஊரில் காணி நிலமேனும் இருக்கும். அந்நிலம் கைவிட்டுப் போய், அதற்கு ஈடாக ஒரு தொகை வந்தால், அதை வருமானம் என்பதா? நிலமே பணமாக உருமாறியது என்பதா? அமெரிக்காவின் பழங்குடி மக்கள் வாழ்வில் இக்கேள்வி பெரும் பொருள் உடையதாயிற்று.

அந்நாட்டில் முதியோர், பார்வையற்றோர், உடற்குறை உடையோர் ஆகியோருள் வறியவர்க்கு மத்திய அரசு மாதந்தோறும் உதவித்தொகை அளிக்கிறது. இதைப் பெறத் தனி ஒருவரின் கணக்கிற்குரிய சொத்து 2,000 டாலருக்கு மேற்படலாகாது. 1989 முதல் இவ்வரம்பே நிலவுகிறது. ஆகவே நிலத்துக்கான ஈட்டுத்தொகை கைக்கு வந்தவுடன், ஏழை முதியவர் ஒருவர் ஏட்டளவில் வசதியுள்ளவராகி, மாத உதவியை இழக்கக்கூடும். ஒரு கையால் பழைய கடனைத் தீர்த்த அரசு, மறு கையால் அதைத் திரும்பப் பெற்றதாகவன்றோ முடியும்?

இதைத் தவிர்க்கவே சட்டங்கள் விலக்கு அளித்தன. அலாஸ்காவை எடுத்துக்கொள்வோம். 1971ஆம் ஆண்டின் தீர்வுச் சட்டத்தால், அங்குள்ள பழங்குடியினர் தம் நில உரிமைக் கோரிக்கைகளுக்கு ஈடாக 4 கோடியே 40 லட்சம் ஏக்கர் நிலமும், 96 கோடியே 25 லட்சம் டாலரும் பெற்றனர். இவற்றை நிர்வகிக்க வட்டார, கிராமக் கம்பெனிகள் நிறுவப்பெற்றன. மக்கள் அவற்றின் பங்குதாரர் ஆயினர். பின்னர் 1988இல் நிறைவேறிய திருத்தம், உதவிக்கான தகுதியை ஆராயும்போது அந்தப் பங்குகளையும், கம்பெனியிடமிருந்து பெற்ற நிலத்தையும் கணக்கில் சேர்க்கலாகாது என்று விதித்தது. ரொக்கமாக வரும் லாபப் பங்கில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 2,000 டாலர் வரை விலக்கு உண்டு. எடுத்துக்காட்டாக, ஓராண்டில் 2,600 டாலர் பெற்ற ஒருவருக்கு 600 டாலர் மட்டுமே கணக்கில் ஏறும்.

எல்லாத் தீர்வுகளுக்கும் விதி ஒன்றன்று. பழங்குடியினரின் நிலக் கணக்குகளை அரசு சீராகப் பேணவில்லை எனப் பிளாக்ஃபீட் குலத்தைச் சேர்ந்த எலூயிஸ் கோபெல் அம்மையார் 1996இல் வழக்குத் தொடுத்தார். 340 கோடி டாலரில் அமைந்த அவ்வழக்கின் சமரசத்துக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்புதல் அளித்தது. அதன்படி, வந்த தொகை வருமானமாகக் கொள்ளப்படாது. ஓராண்டுக் காலம் சொத்தாகவும் எண்ணப்படாது. அக்கெடு கடந்தபின் எஞ்சிய பணம் சொத்துக் கணக்கில் சேரலாம். தவணை அறியாதவர் உதவியை இழக்க நேரும்.

இதிலிருந்து நாம் அறிவன மூன்று. தொகை எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது என்பதற்கான பத்திரத்தைப் பாதுகாத்தல் வேண்டும். அப்பணத்தைப் பிற பணத்தோடு கலவாமல் தனிக் கணக்கில் வைத்தல் நன்று. விலக்கின் அளவையும் காலத்தையும் முன்னரே கேட்டுத் தெளிதல் இன்றியமையாதது.

அணைக்கும் சுரங்கத்துக்கும் நிலம் இழந்த பழங்குடியினர் நம் நாட்டிலும் உளர். நிலம் ஒரு குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறிடுவது. அதன் விலையோ ஒருமுறை வருவது. அதை ஒரு மாதத்து ஊதியம்போல் எண்ணி உதவியை நிறுத்துவது முறையாகாது. அவ்வநீதி நேராமல் காப்பதே இவ்விலக்குகளின் நோக்கமாகும்.