காக்பிட்டுக்குப் போகும் வீட்டுப் பத்திரம்

சக்கரம் நகர்ந்ததுமே கணக்கு ஓடத் தொடங்கிவிடும். ரன்வேக்கு ஊர்ந்து போகும் நேரமும், முன்னால் நிற்கும் பயணிகள் விமானம் கிளம்பும்வரை காத்துக் கிடக்கும் நேரமும் மாணவரின் லாக் புக்கில் பறந்த நேரமாகத்தான் ஏறும். சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் வேண்டும். பறப்புப் பயிற்சிப் பள்ளிக்குக் கட்டியது 50 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 25,000 ரூபாய், நிமிடத்துக்கு 416. பத்து நிமிடம் வரிசையில் நின்றால் நாலாயிரம் காலி. (கற்றுக்கொண்டது, பிரேக்கை மிதித்தபடி நிற்பது.)

50 லட்சம் மிகைப்படுத்திய தொகை அல்ல. உள்நாட்டுப் பள்ளிகளில் இன்று 40 முதல் 60 லட்சம்வரை ஆகிறது. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 என ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்குக்குத் தனியாகப் பத்து லட்சத்துக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். விமான நிறுவனங்களோடு கைகோத்து நடத்தப்படும் கேடட் திட்டங்கள் ஒரு கோடியைத் தொடுகின்றன.

நடுத்தரக் குடும்பத்தில் இவ்வளவு பணம் எங்கிருந்து வரும்? கல்விக் கடன்தான். ஆனால் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கின்றன. விவசாய நிலத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. கடன் நின்றுபோனால் அதை எளிதில் ஏலம் விட முடியாது என்பது காரணம். ஆக, குடியிருக்கும் வீட்டின் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வங்கி மேசைக்குப் போகின்றன. 18 வயதுப் பிள்ளையின் கனவுக்கு ஐம்பதைக் கடந்த அப்பா கையெழுத்துப் போடுகிறார்.

அதன்பிறகு வட்டி ஒருநாளும் நிற்பதில்லை. விமானம்தான் அடிக்கடி நின்றுபோகிறது. வடக்கே டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. மழைக்காலத்தில் தாழ்ந்த மேகம். இருக்கும் நாலைந்து செஸ்னா பயிற்சி விமானங்களில் ஒன்று பராமரிப்புக்குப் போனால் மாணவர் வரிசை நீள்கிறது. பயிற்றுநர் ஒருவர் விமான நிறுவன வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டால் இன்னும் நீள்கிறது. காலை ஐந்து மணிக்கே சீருடையில் தயாராகி உட்கார்ந்தவரிடம் பத்து மணிக்கு ‘சோர்ட்டி கேன்சல்’, அதாவது இன்று பறத்தல் இல்லை, என்பார்கள். இப்படியே ஒன்றரை ஆண்டுப் பயிற்சி மூன்று ஆண்டாக இழுக்கிறது. 50 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி என்றால் மாதம் ஏறத்தாழ 45,800 ரூபாய். ஓர் ஆண்டுத் தாமதத்துக்கு ஐந்தரை லட்சம். இந்தத் தொகை எந்தப் பள்ளியின் கையேட்டிலும் அச்சாவதில்லை.

2025-ல் விமானப் பயிற்சிப் பள்ளிகளை அரசு தரம் பிரித்தபோது, மேல் இரண்டு தரங்களில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. கட்டணம் என்னவோ முதல் தரம்தான்.

உரிமம் கைக்கு வந்த பிறகும் நிம்மதி இல்லை. 2012, 2019, 2023 என மூன்று முறை பெரிய விமான நிறுவனங்கள் பறப்பதை நிறுத்தின. ஒவ்வொரு முறையும் அனுபவசாலிகள் வேலை தேடி வந்து நிற்க, வெறும் 200 மணி நேரத்தோடு வந்த புதியவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். காத்திருக்கும் காலத்தில் உரிமத்தை உயிரோடு வைத்திருக்கவும் பணம் கட்டிப் பறக்க வேண்டும்.

இந்திய நிறுவனங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருப்பதால் பைலட்டுகளுக்கு வேலைப் பஞ்சமே வராது என்கிறார்கள் பள்ளிக்காரர்கள். இருக்கலாம். அரசும் சும்மா இல்லை: அங்கீகாரம் பெற்ற பறப்புப் பயிற்சிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2024-ல் தெளிவுபடுத்தியது; புதிய பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய விமான நிலையங்களில் சேலமும் உண்டு.

ஆனால் ரிஸ்க் முழுவதும் ஒரே வீட்டுக் கூரையின் மேல் இருப்பது மட்டும் மாறவில்லை. பிரிட்டனின் பெரிய விமான நிறுவனம் ஒன்று, தேர்வாகும் இளைஞர்களின் பயிற்சிச் செலவை முழுவதுமாகத் தானே ஏற்கும் திட்டத்தை 2023-ல் அறிவித்தது. இங்கே அப்படி யாராவது முன்வரும்வரை, குடும்பங்கள் செய்யக்கூடியவை இரண்டு. முதல் தவணைக்கு முன்பே பிள்ளைக்கு விமானிகளுக்கான கிளாஸ் 1 மருத்துவச் சான்று வாங்கிவிடுவது; நிறக்குருடு இருப்பது பணம் கட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்? அடுத்தது, மொத்தமாகக் கேட்கும் பள்ளியிடம், பறந்த மணிக்கு ஏற்பத் தவணை என்றும், இடையில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது.