உங்களுக்குத் தெரியுமா? மண் குடித்த தண்ணீர் எங்கே போகிறது?

மழை ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் தரையில் நின்ற தண்ணீர் காணாமல் போய்விடுகிறது. அது எந்தப் பக்கம் போகிறது? எவ்வளவு வேகத்தில் போகிறது? அதில் வேருக்குக் கிடைப்பது எவ்வளவு? இந்தக் கேள்விகளுக்கே தன் வாழ்நாளைக் கொடுத்தவர் அமெரிக்க மண்ணியல் அறிஞர் லொரென்சோ ஏ. ரிச்சர்ட்ஸ் (1904–1993). அவரைப் பற்றியும், அவருக்கு முன்னும் பின்னும் அதே வழியில் நடந்தவர்களைப் பற்றியும் சில துளிகள்.

◆ ரிச்சர்ட்ஸ் பிறந்தது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஃபீல்டிங் என்ற சிற்றூரில். மழை குறைந்த, வாய்க்கால் தண்ணீரை நம்பி வாழும் பூமி அது. லோகன் நகரின் வேளாண் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் வில்லார்ட் கார்ட்னர். இயற்பியல் படித்துவிட்டு மண்ணை ஆராய வந்த கார்ட்னரை ‘மண் இயற்பியலின் தந்தை’ என்று அந்தத் துறையினர் போற்றுகிறார்கள்.

◆ கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக ரிச்சர்ட்ஸ் செய்த ஆய்வு 1931-இல் கட்டுரையாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 27. ஈரம் முழுதாக நிறையாத மண்ணில் தண்ணீர் எப்படி நகரும் என்பதை அதில் ஒரே சமன்பாட்டில் அடக்கிக் காட்டினார். ‘ரிச்சர்ட்ஸ் சமன்பாடு’ என்று இன்று அவர் பெயரிலேயே வழங்குவது அதுதான். பாசனக் கணக்கு, நிலத்தடி நீர் ஆய்வு, பருவநிலை மாதிரிகள் என்று பல இடங்களில் அது உழைத்துக்கொண்டிருக்கிறது.

◆ அந்தச் சமன்பாட்டுக்கு முதல் கல்லை வைத்தவர் ஒரு குடிநீர்ப் பொறியாளர். பிரான்சின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த ஆன்றி தார்சி, மணல் நிரப்பிய குழாய்களில் தண்ணீரைச் செலுத்தி அளந்து பார்த்தார். நீரழுத்த வேறுபாடு இரு மடங்கானால் மணல் வழியே வரும் தண்ணீரும் இரு மடங்காகிறது என்று 1856-இல் எழுதினார். ஆனால் அந்த விதி, துளையெல்லாம் நீர் நிறைந்த மணலுக்கு உரியது. நம் வயலோ வருடத்தில் பெரும்பாலான நாட்கள் பாதி ஈரமும் பாதி காற்றுமாகத்தான் கிடக்கிறது.

◆ அந்தப் பாதி ஈரத்தின் பூட்டைத் திறந்தவர் எட்கர் பக்கிங்ஹாம். அமெரிக்க வேளாண் துறையில் சில ஆண்டுகளே பணியாற்றிய இயற்பியலாளர். மண்ணே தண்ணீரைப் பிடித்து இழுக்கிறது; காயக் காய அந்தப் பிடி இறுகுகிறது; பிடி தளர்ந்த இடத்திலிருந்து இறுகிய இடத்துக்குத் தண்ணீர் நகர்கிறது. 1907-இல் அவர் சொன்னதன் சாரம் இது. அதனால்தான் மண்ணுக்குள் தண்ணீர் பக்கவாட்டிலும் போகும், மேலேயும் ஏறும். 0.03 மில்லிமீட்டர் அகலமுள்ள துளை தண்ணீரை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும்!

◆ மணலா, களிமண்ணா, தண்ணீரை வேகமாகக் கடத்துவது எது? நன்றாக நனைந்திருந்தால் மணல்தான். ஆனால் இரண்டும் காயத் தொடங்கினால் நிலைமை தலைகீழ். மணலின் பெரிய துளைகள் முதலில் காலியாகிவிடும். பிறகு தண்ணீர் போக வழியே இருக்காது. களிமண்ணின் நுண்ணிய துளைகளில் அப்போதும் ஈரம் தொடர்ச்சியாக நிற்கும். அதனால் காய்ந்த நிலையில் களிமண்ணே மணலை முந்திவிடும்.

◆ ரிச்சர்ட்ஸுக்கு 9 ஆண்டுகள் முன்பே அதே போன்ற சமன்பாட்டை எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் இங்கிலாந்தின் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். வானிலையைக் கணக்குப் போட்டே முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று நம்பியவர். காற்றுக்கு ஈரம் தருவதில் மண்ணுக்கும் பங்கு உண்டே என்று, 1922-இல் வந்த தன் வானிலை நூலிலேயே மண்ணின் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டார். அதனால் இப்போது சில அறிஞர்கள் ‘ரிச்சர்ட்சன்–ரிச்சர்ட்ஸ் சமன்பாடு’ என்று இருவர் பெயரையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

◆ பூந்தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நினைக்கிறீர்களா? வடியாது! மேலே உள்ள மண்ணின் சிறு துளைகள் தண்ணீரை இறுக்கிப் பிடித்திருக்கும். கற்களுக்கு இடையே உள்ள பெரிய இடைவெளிக்கு அந்த இழுப்பு கிடையாது. மண் கிட்டத்தட்ட நிரம்பி வழியும் நிலைக்கு வந்த பிறகே ஒரு சொட்டு கீழே இறங்கும். கல் போட்ட உயரத்துக்கு, சேறான பகுதி வேரை நோக்கி மேலே ஏறுவதுதான் மிச்சம். தொட்டிக்குத் தேவை அடியில் ஒரு துளை, அது போதும்.

◆ இதைக் கண்முன்னேயே காட்டிவிட்டார் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வால்டர் கார்ட்னர். கண்ணாடி முகப்பு வைத்த பெட்டியில் மண்ணை நிரப்பி, நடுவே மணலும் வைக்கோலும் அடுக்கி, தண்ணீர் இறங்குவதை விட்டு விட்டுப் படம் பிடித்து, வேகமாக ஓட்டிக் காட்டினார். 1950-களின் இறுதியில் எடுத்த படம் அது. மணல் அடுக்கின் விளிம்புவரை வந்த ஈரம் அங்கே தயங்கி நின்று, பக்கவாட்டில் பரவுவதைப் பார்ப்பவர்கள் பிறகு மறக்கவே மாட்டார்கள்.

◆ செடிக்குத் தாகம் எடுத்திருக்கிறதா என்பதை மண்ணிடமே கேட்டுச் சொல்லும் கருவி டென்சியோமீட்டர். அடியில் சுட்ட களிமண் கிண்ணம், மேலே தண்ணீர் நிறைந்த குழாய், உச்சியில் ஒரு வெற்றிட மானி. மண் காய்ந்தால், மண்பானை கசிவது போலக் கிண்ணத்தின் வழியே நீரை உறிஞ்சும், உள்ளே வெற்றிடம் கூடும், முள் நகரும். வேர் எவ்வளவு சிரமப்பட்டு இழுக்க வேண்டும் என்பதன் அளவு அது. இந்தக் கருவிக்கு டென்சியோமீட்டர் என்ற பெயரை நிலைக்கச் செய்தது 1936-இல் ரிச்சர்ட்ஸும் அவருடைய ஆசிரியர் வில்லார்ட் கார்ட்னரும் எழுதிய கட்டுரை.

◆ அதே கருவியின் எளிய வடிவத்தைப் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் நெல் விவசாயிகளுக்கு உருவாக்கித் தந்தது. குழாயில் நீர்மட்டம் பச்சைப் பட்டையில் இருந்தால் பொறுத்திருக்கலாம்; மஞ்சளுக்கு இறங்கினால் தண்ணீர் பாய்ச்சலாம். நாள் கணக்குப் பார்த்துப் பாய்ச்சாமல், மண் கேட்கும்போது பாய்ச்சினால் ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரும் மிஞ்சும், மின்சாரமும் மிஞ்சும்.

◆ மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடுவது ஏன்? பிரஷர் குக்கர் போல மூடி இறுக்கிய பாத்திரத்தில் ஈர மண்ணை வைத்து, காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் முறையை ரிச்சர்ட்ஸ் வகுத்தார். 15 வளிமண்டல அழுத்தத்துக்குப் பிறகும் மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரமும், சூரியகாந்தி நாற்று வாடி மீளாமல் போகும்போது மண்ணில் இருக்கும் ஈரமும் ஏறத்தாழ ஒன்றே என்று 1943-இல் காட்டினார். 15 வளிமண்டலம் என்றால் கார் டயரில் அடிக்கும் காற்றைப் போல ஏழு மடங்கு! உலகெங்கும் மண் ஆய்வகங்கள் ‘நிரந்தர வாடல் நிலை’யை இன்றும் இந்த எண்ணைக் கொண்டே கணிக்கின்றன.

◆ அயோவா மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திய ரிச்சர்ட்ஸ், 1939-இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு நகருக்குப் போனார். பாசன நிலங்கள் உப்புப் பூப்பதை ஆராய அமெரிக்க அரசு அங்கே தனி ஆய்வகமே அமைத்திருந்தது. உப்பு எங்கிருந்து வருகிறது? லிட்டருக்கு அரை கிராம் உப்புள்ள தண்ணீர் நாக்குக்குப் பெரிதாகக் கரிக்காது. ஆனால் ஒரு பருவத்தில் அதை 50 செ.மீ. ஆழத்துக்குப் பாய்ச்சினால் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். தண்ணீர் ஆவியாகிப் போகும். மண்ணில் தங்குவது ஒரு டன் உப்பு!

◆ அந்த ஆய்வகத்தின் அனுபவத்தையெல்லாம் திரட்டி, ரிச்சர்ட்ஸைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954-இல் வெளிவந்த கையேடு, 60-ஆம் எண் வேளாண் கையேடு. உவர் நிலம் எது, களர் நிலம் எது என்று பிரித்தறிய அது வகுத்த அளவுகள் இந்திய ஆய்வகங்களிலும் புழங்குகின்றன. உவரை நல்ல தண்ணீர் கட்டி வடிய விட்டுக் கழுவலாம். களரை வெறும் தண்ணீரால் கழுவ முடியாது. அதில் மிகுந்திருக்கும் சோடியத்தால் மண்ணின் துளைகள் அடைபட்டுவிடும். முதலில் ஜிப்சம் இட வேண்டும். திருச்சி மாவட்டக் களர் நிலங்களில் ஜிப்சம் இடச் சொல்வதும் இந்த அறிவியலின் வழியில்தான்.

◆ ரிவர்சைடு ஆய்வகத்துக்குப் பிற்காலத்தில் வந்தவர் நெதர்லாந்தில் பிறந்த மார்ட்டினஸ் வான் கெனுக்டன். ரிச்சர்ட்ஸ் சமன்பாட்டுக்குள் ஒவ்வொரு மண்ணின் குணத்தையும் எளிதாகப் பொருத்த 1980-இல் ஒரு சூத்திரம் தந்தார். மண்ணியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. 2023-இல் வேளாண்மைக்கான உல்ஃப் பரிசு அவரைத் தேடி வந்தது.

◆ இத்தனைக்குப் பிறகும் கணக்குக்கு அடங்காத ஒன்று இருக்கிறது. மண்புழுவின் துளை, மக்கிப்போன வேரின் தடம், கோடையில் பிளந்த கரிசலின் வெடிப்பு இவற்றில் புகுந்த மழை, பக்கத்துக் கட்டி காய்ந்திருக்கும்போதே முழ ஆழத்துக்கு இறங்கிவிடும். ரிச்சர்ட்ஸ் சமன்பாடு அந்த ஓட்டத்தைச் சரியாகச் சொல்வதில்லை. அதைச் சொல்லும் வழியை மண் இயற்பியலாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கோடை மழைக்குக் கரிசல் காட்டுப் பக்கம் போனால், வெடிப்பின் ஓரம் குனிந்து பாருங்கள்; அவர்கள் தேடும் கேள்வி உங்கள் காலடியிலேயே இறங்கிக்கொண்டிருக்கும்.